மாடிக்கு வழி அடுப்படி

திண்டுக்கல் மலைக்கோட்டையில் ஏறி இறங்கியவர்கள் இமயத்தையே தொட்டுவிட்டு வந்ததுபோல் படம் எடுத்துப் போடுகிறார்கள். போகட்டும். அந்த ஊரிலேயே ஏறுவதற்குக் கஷ்டமானவை படிக்கட்டு பாயின் பதினேழு படிகள்தான் என்று நான் எங்கு வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன். கோட்டையில் டிக்கெட் வாங்கினால் மேலே விட்டுவிடுவார்கள். பாயிடம் அந்தப் பருப்பெல்லாம் வேகாது. முதலில் கட்டடத்தின் கதையைக் கேட்க வேண்டும். பிறகு குழம்புக்கு உப்பு பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ரூம் சாவி.

அவருக்கும் வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். ரேஷன் கார்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கியதாகத் தெரியவில்லை. கட்டம் போட்ட கைலி, முண்டா பனியன், தோளில் துண்டு, தலையில் தொப்பி. படிக்கட்டின் அடியில் ஒரு ஸ்டூல். அந்த ஸ்டூலிலிருந்து அவரை அசைக்க ஐந்து வேளைத் தொழுகையால் மட்டுமே முடிந்தது.

நான் அப்போது ஒரு பம்புசெட் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. நாலைந்து வருடம் முன்பு என்னைத் திண்டுக்கல்லுக்குத் தூக்கியடித்தார்கள். மனைவியும் மகளும் தென்காசியில். மாத வாடகைக்கு ரூம் தேடி, பேகம்பூர் போகும் வழியில் ஒரு திருப்பத்தில் நின்ற அந்தப் பழைய ஓட்டலுக்குள் பெட்டியோடு நுழைந்தேன். கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே எட்டு அறைகள். மாடிக்கு எப்படிப் போவது என்று கல்லாவில் இருந்தவரிடம் கேட்டேன்.

"அடுப்படிக்குள்ள போங்க."

"சாப்பாடு அப்புறம் பாத்துக்கறேங்க. மாடிக்கு வழி?"

"அதத்தான சொல்றேன்? அடுப்படிக்குள்ள போங்க."

போனேன். ஓர் ஆள் இறங்கிக் குளிக்கலாம் போன்ற அண்டாவில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கரண்டியோடு நின்ற பாண்டியம்மா அக்கா என் காலைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் பெட்டி கையிலிருந்து நழுவியது.

"யாருய்யா அது, செருப்புக் காலோட? கழட்டிக் கையில புடி!"

ஒரு கையில் பெட்டி, ஒரு கையில் ஷூ என்று நின்றவனைப் பாய் ஏற இறங்கப் பார்த்தார். அடுப்புக்கு நாலடி தள்ளி, சுவரோரமாக மேலே ஏறிப்போனது படிக்கட்டு. மாடிக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

"ஷூவ அக்குள்ல வச்சுக்கங்க தம்பி. கைய நீட்டுங்க."

ஜோசியமோ என்று நீட்டினேன். உள்ளங்கையில் ஒரு சொட்டுக் குழம்பு விழுந்தது.

"உப்பு பாருங்க."

"நானா? நான் ரூம் பாக்க வந்தேங்க."

"ரூம் எங்க ஓடிரப் போகுது? கொழம்புதான் எறங்கப் போகுது. பாருங்க."

நக்கினேன். ஒரு கல் உப்பு குறைகிறது என்றேன். பாய் முகத்தில் அப்படியொரு திருப்தி. "நாக்கு நல்ல நாக்கு. இவருக்கு ஆறாம் நம்பரு" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார். ஆறாம் நம்பர் காற்றோட்டமான அறை. ருசி பார்க்காமலே 'சூப்பர்' என்று சொல்லிவிட்டு ஏறப் பார்த்தவர்களுக்கெல்லாம் எட்டாம் நம்பர். எட்டாம் நம்பர் சுவருக்கு அந்தப் பக்கம் தண்ணீர்த் தொட்டி. அது நிரம்பும்போது அறைக்குள் யாரோ வாய் கொப்பளிப்பதுபோல் இருக்கும்.

பாண்டியம்மா அக்கா சமைக்கும்போது வாயில் வைத்துப் பார்க்க மாட்டார், அது எச்சில் என்பது பாய் சொன்ன விளக்கம். "நீங்க பாக்கலாம்ல?" என்று கேட்டால், "நான் வீட்டு ஆளு தம்பி, என் நாக்கு பொய் சொல்லும். விருந்தாளி நாக்குதான் கோர்ட்டு" என்பார். ரமலான் மாதத்தில் பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படாமல், கொதிக்கும் அண்டா பக்கத்திலேயே உட்கார்ந்து வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் கரண்டியை நீட்டிக்கொண்டிருப்பார். தைப்பூச சமயத்தில் பழனிக்கு நடந்துபோகிறவர்கள் தங்க வந்தால், அந்த நாட்களில் கறியே அடுப்பில் ஏறாது. சாம்பாருக்கு உப்பு பார்த்துவிட்டு முருகா முருகா என்று ஏறிப்போவார்கள்.

இன்னொன்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். திண்டுக்கல்லில் இருந்துகொண்டு பிரியாணி போடாத ஓட்டல் அது. ஒரே ஒருமுறை போட்டுப் பார்த்தார்களாம். தம் உடைத்ததும் வாசனை படிக்கட்டு வழியாக எட்டு அறைக்கும் போய், மாடியில் ஒருத்தரும் வேலைக்குப் போகவில்லை. எல்லாரும் படியிலிருந்து அடுப்படி வாசல்வரை வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள், பாய் தொழுகைக்குப் போக வழியில்லை. அத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

இணையத்தில் யாரோ இப்படி எழுதியிருந்ததை நானே படித்தேன்: 'அறைக்குச் செல்ல சமையலறையைக் கடக்க வேண்டியுள்ளது. உப்பு அதிகம் என்றேன். மின்விசிறி நன்றாகச் சுற்றும் அறைக்கு மாற்றினார்கள். நான்கு நட்சத்திரம்.'

இனி கட்டடத்தின் கதை. பாய் இதைச் சொல்லும்போது அவர் அத்தாவே பிறந்திராத காலத்துச் சங்கதியை, பக்கத்தில் நின்று செங்கல் எடுத்துக் கொடுத்தவர்போலச் சொல்வார்.

"ஒரு பொகயில வியாபாரி இதக் கட்டுனாரு தம்பி. கீழ்மாடி காண்ட்ராக்டு நத்தத்துக் கொத்தனாரு. மேல்மாடி தொப்பம்பட்டிக் கொத்தனாரு. நத்தத்துக்காரரு தங்கச்சியத்தான் தொப்பம்பட்டிக்காரரு கட்டியிருந்தாரு. ஒரு விசேசத்துல வீட்டு மாப்பிள்ளையக் கொண்டுபோயி ரெண்டாம் பந்தியில உக்கார வச்சுட்டாங்க. வெஞ்சனமெல்லாம் தீந்துபோயி மனுசன் வெறும் ரசத்தோட எந்திரிச்சிருக்காரு. அன்னைக்கே பேச்சு வார்த்த கட்டு!"

பேசாமலே கட்டினார்கள். நடுவில் நின்ற சித்தாள் பெண்தான் தபால்.

"மேல நிக்கறவர்கிட்டச் சொல்லும்மா, சாந்து என் தலையில விழுகுதுன்னு."

"கீழ நிக்கறவர்கிட்டச் சொல்லும்மா, தலைய நகத்தி வச்சுக்கச் சொல்லி."

பாய் புளுகுகிறார் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் தெருவில் நின்று நிமிர்ந்து பார்த்தபோது நம்ப வேண்டியதாயிற்று. கீழே உருண்டைத் தூண்கள், மேலே சதுரத் தூண்கள். கீழ் ஜன்னலுக்கு வளைவு, மேல் ஜன்னலுக்கு நேர் கட்டை. வாசல் நிலைக்கு மேலே சுண்ணாம்புச் சாந்தில் கொத்துக் கொத்தாக நத்தத்து மாங்காய். அதற்கு நேர் மேலே, மாங்காயை அமுக்குகிற மாதிரி ஒரு குலை தொப்பம்பட்டித் தேங்காய். கட்டடமே மச்சானும் மாப்பிள்ளையும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதுபோல்தான் இருந்தது.

"அப்ப படிக்கட்டு பாய்?"

"அங்கதான் வெனையே! கீழருந்து மேல போறதுனால அது மேல்மாடி வேலைன்னு இவரு விட்டுட்டாரு. மேலருந்து கீழ வாரதுனால அது கீழ்மாடி வேலைன்னு அவரு விட்டுட்டாரு. பால் காய்ச்சற அன்னைக்குச் சாரத்தப் பிரிச்சப்பத்தான் தெரியுது, மாடிக்கு வழியே இல்ல. தொப்பம்பட்டிக்காரரு மேலயே மாட்டிக்கிட்டாரு. ஏணி கேக்கணும்னா மச்சான்கிட்டப் பேசணுமே! ரெண்டு நாளு கயித்துல தூக்குச்சட்டியக் கட்டி இழுத்துச் சாப்புட்டாரு. மூணாம் நாளு கீழ அடுப்படியில கறிக்கொழம்பு கொதிக்குது. வாசன மேல போகுது. மனுசன் எம்புட்டு நேரந்தான் தாங்குவாரு? கடப்பாரைய எடுத்தாரு, வாசன வந்த எடத்துலயே தளத்த ஒடச்சாரு. தலைய மட்டும் உள்ள விட்டு, 'ஏம்மா, கீழ நிக்கறவர்கிட்டச் சொல்லு, எனக்கு ஒரு எல போடச் சொல்லி'ன்னாராம். நத்தத்துக்காரரு நிமிந்து பாத்தாரு. 'மொத பந்தியிலயே போடச் சொல்லும்மா'ன்னு சொல்லிட்டு அழுதுட்டாராம். அந்த ஓட்டையிலதான் ரெண்டு பேரும் சேந்து இந்தப் படியக் கட்டுனாங்க. ஓட்டையப் போட்டது கொத்தனாரு இல்ல தம்பி. பசி."

இந்தக் கதையை நான் குறைந்தது நாற்பது தடவை கேட்டிருப்பேன். 'பசி' என்று முடிக்கிற இடத்தில் பாய் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை.

இப்போது என் மானத்தைக் கொஞ்சம் கப்பலேற்றுகிறேன். ஒரு மழைக்காலத்தில் கிணறெல்லாம் நிரம்பி, பம்புசெட்டை ஒருவரும் சீந்தவில்லை. கம்பெனி இரண்டு மாதம் சம்பளத்தை இழுத்தடித்தது. வந்த கொஞ்சத்தையும் ஊருக்கு அனுப்பிவிட்டு, நான் மத்தியானச் சாப்பாட்டை நிறுத்தினேன். கேட்பவர்களுக்கு விரதம் என்றேன். திங்கள் சோமவாரம், செவ்வாய் முருகன், வியாழன் குரு, சனி பெருமாள் என்று ஆள் மாற்றி ஆள் மாற்றிச் சொன்னேன். ஒரு வெள்ளிக்கிழமை பாய் என்னைப் படியில் நிறுத்தினார்.

"இன்னைக்கு யாரு தம்பி?"

"அம்மன், பாய்."

"வாரத்துக்கு அஞ்சு நாளு விரதமா? எங்க நோன்புலகூடச் சாயங்காலமானாச் சாப்புடுவோம்யா. சரி, விரதத்துக்குப் பங்கமில்லாம உப்பு மட்டும் பாருங்க."

பார்த்தேன். "சரியாத் தெரியல பாய்" என்று வாயில் வந்துவிட்டது. சத்தியமாக இன்னொரு சொட்டுக்காகச் சொன்னதுதான்.

"வெறுங் கொழம்புல எப்புடித் தெரியும்? சோத்துல போட்டுப் பாத்தாத்தான தெரியும்" என்று ஒரு தட்டை எடுத்தார். தட்டு நிறையச் சோறு. குழம்பு. "கூட்டுலயும் பாத்துருங்க. அப்பளத்துலயும் பாத்துருங்க. அப்பளத்துக்கு உப்பு ரொம்ப முக்கியம்." நான் படியில் உட்கார்ந்து உப்பு பார்த்து முடிக்க அரை மணி நேரம் ஆயிற்று.

அன்றுதான் மற்றவர்களையும் கவனித்தேன். பெரியாஸ்பத்திரியில் ஆளைச் சேர்த்துவிட்டு ரூமில் தங்கியவர்கள், இன்டர்வியூவுக்கு வந்த பையன்கள், ஒட்டன்சத்திரம் சந்தையில் தக்காளி விலை விழுந்து முகம் செத்து வந்த விவசாயி. எல்லாரும் அந்தப் படியில் தட்டோடு உட்கார்ந்து, 'சரியாத் தெரியல பாய்' என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த மாடியில் எவனும் சாப்பிடாமல் படுத்ததில்லை. என்னை மட்டும் என்னவோ நல்ல நாக்கு என்று நம்பிக் கர்வப்பட்டுக்கொண்டிருந்தேன், மடையன்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டி வந்தது. பார்வையிட ஒரு பெண் அதிகாரி வந்தார். ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர், பேச்சில் மரியாதை, முகத்தில் கண்டிப்பு. பாய் வழக்கம்போலக் கரண்டியோடு எழுந்தார்.

"மேடம், உப்பு பாருங்க."

"டூட்டியில இருக்கறனுங்க. அதெல்லாம் கூடாதுங்க."

"அப்ப கதையாச்சும் கேளுங்க. ஒரு பொகயில வியாபாரி..."

"ஏனுங்க, இந்த அடுப்புல தீப்புடிச்சா மேல இருக்கறவிங்க எப்படிங்க எறங்குவாங்க?"

"இன்னைய வரைக்கும் புடிச்சதே இல்ல மேடம்."

"ஒருக்காப் புடிச்சாப் போதுமேங்க."

அந்தம்மா சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம். இன்னும் பத்து நாளில் இரண்டாவது வழி காட்ட வேண்டும், இல்லாவிட்டால் மாடிக்குச் சீல் என்று சொல்லிவிட்டுப் போனார். வெளியே இரும்புப் படி வைக்கலாமென்றால் ஒரு பக்கம் பக்கத்துக் கடைச் சுவர், மறு பக்கம் சாக்கடை. புகையிலை வியாபாரியின் பேரன்தான் முதலாளி. அவர் இடுப்பில் கையை வைத்துக் கட்டடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"பேசாம இடிச்சுருவோம் பாய். காம்ப்ளெக்ஸ் கட்டிருவோம். நீங்களும் எம்புட்டு நாளைக்குத்தான் அடுப்புல வேகுவீங்க?"

மறுநாள் பாய் ஸ்டூலில் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். கரண்டியைத் தொடவில்லை. மாடிக்காரர்கள் கையை நீட்டி நின்று பார்த்துவிட்டு, வெறுங்கையோடு ஏறிப் போனார்கள். போச்சு, இன்றைக்குக் குழம்பு உப்புச் சப்பில்லாமல்தான் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். உப்பு அப்படியே தராசில் நிறுத்துப் போட்டதுபோல் இருந்தது.

பாண்டியம்மா அக்காவிடம் போய், யார் உப்பு பார்த்தது என்று கேட்டேன்.

"யாரு பாக்கணும்? அண்டா அண்டாவாக் கொழம்பு வைக்கறவளுக்குக் கையளவு தெரியாதா? இந்த மனுசன் ஊரெல்லாம் கூப்புட்டு உப்பு பாக்கச் சொல்லணும்கறதுக்காக, தெனமும் ஒரு கல்லு கம்மியாப் போட்டு வச்சுக்கிட்டு இருக்கேன். கேக்க வந்துட்டாரு!"

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம் என்றார். வெங்காயம் அன்று உரிக்கவே இல்லை.

அடுத்த நாள் காலையில் நான் இறங்கி வரும்போது ஸ்டூல் காலியாக இருந்தது. பாய் சாப்பாட்டுக் கூடத்தில் நின்றார். அங்கே வாசலை ஒட்டிய மூலையில், சுவரோடு சேர்த்துக் கட்டிய செங்கல் அடுக்கு ஒன்று உண்டு. ஏழெட்டுத் தட்டு, ஒவ்வொன்றிலும் ஊறுகாய் ஜாடி. ஊறுகாய்க்காகக் கட்டியது என்றுதான் எல்லாரும் நினைத்திருந்தோம். பாய் ஜாடிகளை ஒவ்வொன்றாக இறக்கி வைத்துக்கொண்டிருந்தார்.

"செத்த நேரம் கை குடுங்க தம்பி."

கொடுத்தேன். கடைசி ஜாடியையும் எடுத்த பிறகு தள்ளி நின்று பார்த்தால், அது அடுக்கு இல்லை. படி. அசல் படிக்கட்டு. பாதி உயரம் ஏறிப் போய்ச் சுவரில் முட்டி நின்றது.

"மேல வராந்தாக் கடைசியில தலகாணி போட்டு வைக்கற ரூம் இருக்குல்ல? அதுக்குள்ள கீழ எறங்கற மாதிரி ஒரு குழி இருக்குல்ல? அது இதோட மறு பாதி. நடுவுல இந்தச் சுவரு மட்டுந்தான்."

"அப்ப படியைக் கட்டாம விட்டுட்டாங்கன்னு சொன்னது?"

"கட்டாமெல்லாம் விடல. வியாபாரி ஆளுக்குப் பாதி கட்டச் சொல்லியிருந்தாரு. நத்தத்துக்காரரு, என் எல்ல இதோட சரின்னு குறுக்க சுவத்த எழுப்பிட்டாரு. ராசியானப்புறம் அந்தச் சுவத்தப் பாக்கவே ரெண்டு பேருக்கும் வெக்கம். ஜாடிய வச்சு மறச்சுட்டாங்க. நான் வந்த புதுசுல, மேல தலகாணி ரூமுக்கு வெள்ளையடிக்கறப்ப அந்தக் குழிச் சுவத்துல தட்டுனேன். கீழ ஊறுகா ஜாடி கடகடன்னு ஆடுச்சு. அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"இத்தனை வருசமா ஏன் பாய் சொல்லலை?"

பாய் துண்டை உதறித் தோளில் போட்டார். "வேல தேடி வந்தப்ப ரெண்டு நாளாப் பட்டினி தம்பி. நேரா அடுப்படி வழியா வந்தேன். அப்ப இருந்த சமையக்காரரு மூஞ்சியப் பாத்தே ஒரு தட்ட நீட்டுனாரு. முன்வாசல்ல படி இருந்திருந்தா நான்பாட்டுக்கு மேல போயிப் படுத்திருப்பேன். யாரு கேட்டிருப்பா?"

கட்டடத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் பாய் தன் படிக்கட்டை விட்டுக்கொடுக்க வேண்டும். விட்டுக்கொடுத்துவிட்டார். முதலாளியைத் தானே போய் அழைத்து வந்து காட்டினார். அன்று மாலையே ஆட்கள் வந்து சுவரை உடைத்தார்கள். புழுதி அடங்கியதும் பார்த்தோம். இரண்டு பாதியும் ஓர் அங்குலம்கூடப் பிசகாமல் பொருந்தியிருந்தன. பேசாமல் கட்டினாலும் கொத்தனார்கள் தொழிலில் பேசிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள்.

அந்த அம்மா மறுபடி வந்தார். முன் படியில் ஏறிப் பார்த்து, அளந்து, எழுதி, அடுப்படி வழியாக இறங்கினார்.

பாய் எழுந்தார். "டூட்டி முடிஞ்சுதுங்களா மேடம்?"

"முடிஞ்சுதுங்க."

"அப்ப உப்பு பாருங்க."

அந்த அம்மா பேனாவை மூடிவிட்டுக் கையை நீட்டினார். "ஒரு கல்லு கம்மிங்க" என்றார். பாண்டியம்மா அக்கா தலையை ஆட்டி ஆமோதித்தார். எட்டு அறையில் எது கேட்டிருந்தாலும் அன்று அந்த அம்மாவுக்குக் கிடைத்திருக்கும்.

கட்டடம் பிழைத்தது. ஆனால் பாயைப் பார்க்கச் சகிக்கவில்லை. எல்லாரும் முன் படியில் ஷூ சத்தம் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று ஏறிப் போனார்கள். பாய் அடுப்படியில் தனியாக, நீட்டிய கரண்டியோடு உட்கார்ந்திருந்தார். ஒரு வாரம் பொறுத்தார். எட்டாம் நாள் காலையில் முன் படியின் வாயில் ஒரு பலகை தொங்கியது. சிவப்பு பெயின்ட், பாயின் கோணல் கையெழுத்து: 'அவசர வழி. தீப்பிடித்தால் மட்டும்.'

முதலாளி குதித்தார். "என்ன பாய் இது? அம்புட்டுச் செலவு பண்ணித் தொறந்துட்டு?"

"மேடம் என்ன கேட்டாங்க? தீப்புடிச்சா எறங்கறதுக்கு ஒரு வழி கேட்டாங்க. கதவப் பூட்டவா செஞ்சேன்? தெறந்துதான் கெடக்கு. தீப்புடிக்கட்டும், எல்லாரும் அதுல எறங்கட்டும். அதுவரைக்கும் இப்புடி வரட்டும்."

முதலாளி பலகையைப் பார்த்தார், பாயைப் பார்த்தார், போய்க் கல்லாவில் உட்கார்ந்துவிட்டார். அன்று மத்தியானம் நான் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு அடுப்படி வழியாக ஏறினேன். எனக்குப் பின்னால் ஐந்து பேர் நின்றார்கள்.

பிறகு எனக்கு மாற்றலாகிவிட்டது. பதவியும் கொஞ்சம் உயர்ந்தது. போன மாதம் திண்டுக்கல்லில் வேலை. கம்பெனி செலவில் பெரிய ஓட்டல். லிஃப்ட் இருக்கிறது, அட்டையைக் காட்டினால் கதவு திறக்கிறது. நான் வந்தேனா, போனேனா, தின்றேனா என்று கேட்க ஒரு ஜீவன் இல்லை. அங்கேயே வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, பேகம்பூர்ப் பக்கம் நடந்தேன். மாங்காயும் தேங்காயும் அப்படியே இருந்தன. பலகையும் இருந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன்.

பாய்க்குத் தாடி முழுக்க நரைத்திருந்தது. எப்ப வந்தீங்க, எப்படி இருக்கீங்க என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே! "கைய நீட்டுங்க தம்பி" என்றார், நேற்றுத்தான் இறங்கிப் போனவனிடம் சொல்வதுபோல்.

உள்ளங்கையில் குழம்பு விழுந்தது. வழக்கம்போல ஒரு கல் உப்பு குறைவு.

"சரியாத் தெரியல பாய்" என்றேன்.

அவர் தட்டை எடுத்தார்.